செவிப்புலனற்றோரும் தொலைத்தொடர்பும்: முல்லைத்தீவை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

1876ஆம் ஆண்டில் தோன்றிய தொலைபேசி, மனித சமுதாயத்தைப் பெரிதும் பிணைத்த சாதனம் என்று போற்றப்படினும், செவிப்புலனற்றோரைப் பொறுத்தவரை அச்சமுதாயத்தினின்றும் அவர்களை முன்னிலும் அதிகமாகப் பிரித்துவைத்தது என்பதே உண்மை. ஏனெனில், நேர்முகமாகவும் கடித மூலமாகவும் நடைபெற்றுவந்த காரியங்கள் படிப்படியாகக் குரலின் வழியே நடைபெறத் தலைப்பட்டபோது, குரலைக் கேளாதோர் அவை அனைத்துக்கும் பிறர் வாயை எதிர்பார்க்க வேண்டியவராயினர். தொலைபேசியை ஆக்கிய அலெக்சாந்தர் கிரகாம் பெல், செவிப்புலனற்ற பிள்ளைகளின் ஆசிரியராயிருந்தவர். அவருடைய தாயாரும் மனைவியாரும் செவிப்புலன் இழந்தவர்கள். நல்லெண்ணமும் நுண்ணறிவும் ஒருங்கே வாய்த்தவிடத்தும் கருவி தானாகவே சேவை ஆகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. கருவி கைக்கு எட்டியும் சேவை எட்டாத இந்நிலையே இன்று முல்லைத்தீவு மாவட்டத்திலும் நிலவுகின்றது என்பதும், தமிழ் வழியே இயங்கும் இடையீட்டுச் சேவையொன்றே அதற்குப் பரிகாரம் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

அமெரிக்காவின் அனுபவம் இங்கு ஆராயத்தக்கது. செவிப்புலனற்ற பௌதிகவியலாளரான இராபர்ட் வைட்பிரெக்ட் என்பார், கழித்தொதுக்கப்பட்ட தந்தி அச்சுப்பொறிகளைச் சாதாரணத் தொலைபேசிக் கம்பியுடன் இணைக்கும் உபாயத்தைக் கண்டு, 1964ஆம் ஆண்டில், தம்மைப் போலவே செவிப்புலனற்ற பல் மருத்துவரான ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ் என்பாருடன் எழுத்து மூலம் தொலைபேசியில் சம்பாஷித்தார். எனினும், அப்பொறியுடையோர் பொறியுடையோருடன் மாத்திரமே உரையாட முடிந்ததால், வைத்தியரையோ வங்கியையோ கடைக்காரரையோ அழைப்பதற்கு அது பயன்படவில்லை. ஒருவர் எழுதுவதை வாசித்து மற்றவருக்குக் குரலாகவும், மற்றவர் குரலை எழுத்தாகவும் மாற்றித் தரும் இடையீட்டாளர் ஒருவர் நடுவே அமர்ந்தபோதே அக்கருவி முழுமை பெற்றது. 1990ஆம் ஆண்டின் சட்டம் இச்சேவையைத் தொலைபேசிக் கம்பனிகளின் கடமையாக்கி, 1993ஆம் ஆண்டில் நாடெங்கும் நடைமுறைக்கு வரச்செய்தது. சைகை மொழியைக் காணொளி வழியே பெயர்த்துரைக்கும் சேவைக்கான செலவை ஈடுசெய்ய 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணைக்குழு இசைந்தது. கருவியிலிருந்து நாடளாவிய சேவைக்கு வந்து சேர, பொருள்வளம் மிக்க அத்தேசத்துக்கே இருபத்தொன்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

வன்னிப் பெருநிலப்பரப்பின் சரித்திரம் வேறு. 1912ஆம் ஆண்டில் தோன்றிய இரத்மலானைப் பாடசாலையும், 1956ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக் கைதடியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென அமைந்த நஃபீல்ட் பாடசாலையும் செவிப்புலனற்றோர் கல்விக்கு அடிகோலின. முல்லைத்தீவு மாவட்டத்தின் வள்ளிபுனத்தில் இயங்கிய இனிய வாழ்வு இல்லம் இப்பணியை வன்னிக்குள்ளேயே செய்தது. சைகை மொழி தாய்மடியில் அன்றிப் பெரும்பாலும் பாடசாலையிலும் விடுதியிலும் சக மாணவரிடையே விருத்தியடைவது. ஆதலால், 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலையும், 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிந்த யுத்தமும், அதனோடு வந்த தொடர் இடப்பெயர்வுகளும் கட்டடங்களோடு மொழிச் சூழலையும் சிதைத்தன. யுத்தம் ஓய்ந்தபின் கைத்தொலைபேசி வன்னிக்குள் விரைந்து பரவிற்று. இடைப்பட்ட படிகள் யாவற்றையும் தாண்டி, காணொளிக் கருவி நேரே கைக்கு வந்தது. முகம் கண்டு சைகையால் உரையாடும் வாய்ப்பு அதனால் கிடைத்தது மெய்யே. ஆயினும் அவ்வுரையாடல் சைகை அறிந்தாரிடையே நின்றுவிடுகின்றது; பிரதேச செயலகத்தையோ வைத்தியசாலையையோ அழைக்க வேண்டுமாயின், வீட்டில் செவியுள்ள ஒருவரின் தயவே இன்றும் வேண்டப்படுகின்றது.

எழுத்தறிந்தோர்க்குக் குறுஞ்செய்தி போதாதா என்று வினவுவாருளர். ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடங்கள் உண்டு. ஒருங்குறியில் எழுதப்படும் தமிழுக்கோ 70 இடங்களே. மெய்யெழுத்தும், அகரம் ஏறியவை ஒழிந்த உயிர்மெய்களும் இவ்விரண்டு இடங்களைக் கொள்வதால், நாற்பது ஐம்பது எழுத்துகளில் செய்தி நிரம்பிவிடும். இணையவழிச் செய்திகள் இவ்வெல்லையை அகற்றினும் இதனினும் ஆழ்ந்த தடை எஞ்சுகின்றது. சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. வேற்றுமை உருபும் வினைவிகுதியும் செறிந்த தமிழைக் காதால் கேளாமல் கண்ணால் மாத்திரம் கற்கும் பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழியாகவே அமைகின்றது. ஆதலின், எழுத்து வழியும் காணொளி வழியும் ஒருங்கே வேண்டப்படுவன.

ஆபத்துக் காலத்தில் இவ்விரு வழிகளும் இல்லாத குறை உயிரைத் தொடுவதாகின்றது. பொலிசுக்கு 119, அம்புலன்சுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்னும் இலக்கங்கள் குரலை அடிப்படையாகக் கொண்டே வகுக்கப்பட்டவை. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் பின் கடலோரங்களில் எழுந்த எச்சரிக்கைக் கோபுரங்களும் ஒலியையே நம்புகின்றன. ஆழிப்பேரலையின் கொடுமையை நேரே கண்ட கரையொன்றில், ஒலியை மாத்திரம் நம்பிய எச்சரிக்கை குடிமக்களுள் ஒரு பகுதியினரைத் தொடக்கத்திலேயே விலக்கிவிடுகின்றது. இலங்கை 2016ஆம் ஆண்டில் ஏற்றுறுதி செய்த, வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயமோ, ஒன்பதாம் உறுப்புரையில் தகவல் தொடர்பின் அணுகத்தகைமையையும், பதினோராம் உறுப்புரையில் அனர்த்தக் காலப் பாதுகாப்பையும் அரசின் கடமையாக வகுத்துள்ளது.

செவிப்புலனற்றோர் தொகை சிறிது, செலவு பெரிது என்பதே இடையீட்டுச் சேவைக்கு எதிராகக் கூறப்படக்கூடிய வலிய ஆட்சேபம். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு, நாட்டில் கேட்டலில் இடர்ப்படுவோர் ஏறத்தாழ 3 இலட்சத்து 89 ஆயிரம் பேர் எனக் காட்டுகின்றது; அனைவரும் சைகை மொழியினர் அல்லர் எனினும், இது புறக்கணிக்கத்தக்க தொகையன்று. அன்றியும், இடையீட்டாளர் கிராமந்தோறும் இருக்க வேண்டுவதில்லை. மாகாணத்துக்கு ஒரு நிலையம் இருப்பின், துணுக்காயிலிருந்தும் கொக்கிளாயிலிருந்தும் ஒரே இலக்கத்தை அழைக்கலாம். தூரத்தை இல்லாமற் செய்யும் தொலைத்தொடர்பின் இயல்பே இங்குச் சிக்கனத்துக்கு ஏதுவாகின்றது. ஆனால் அந்நிலையம் தமிழில் இயங்குதல் அவசியம். சிங்களத்தில் மாத்திரம் பெயர்த்துரைக்கும் சேவை, முல்லைத்தீவில் உள்ளவரை ஒரு தடையிலிருந்து மீட்டு மற்றொரு தடையில் விடுவதாகும்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் புகும் எவ்விடத்திலும் வலுவிழந்தோருக்குப் பாரபட்சமின்றிப் பிரவேசம் உண்டு என விதித்தது. அரசாங்க அலுவலகத்தின் வாயிலாகத் தொலைபேசி இலக்கமே அமைந்துவிட்ட இக்காலத்தில், அவ்விதியின் நியாயம் தொலைத்தொடர்புக்கும் பொருந்தும் எனக் கொள்ளுதல் தகும். கைதடியிலும் வள்ளிபுனத்திலும் பயின்று வளர்ந்தோரையே ஆலோசகராகக் கொண்டு தமிழ்ச் சைகைப் பெயர்ப்பாளரைப் பயிற்றுதல், அவசர இலக்கங்களுக்கு எழுத்து வழியும் காணொளி வழியும் அமைத்தல், எச்சரிக்கை ஒலியோடு ஒளியையும் அதிர்வையும் சேர்த்தல் ஆகிய மூன்றும் அடுத்துச் செய்யத்தக்கன. இவற்றுள் எதுவும் புதிய கண்டுபிடிப்பை வேண்டுவதன்று. ஒருவர் பிறர் துணையின்றித் தம் காரியத்தைத் தாமே பேசி முடிக்கும் உரிமையைத் தயவாகக் கருதாது கடமையாகக் கருதும் நிருவாகத்தையே வேண்டுவது.