தாத்தாவின் டப்பாவில் ஒரு பேரரசர்



மலருக்குக் கட்டுரை கேட்டதும், "வேலையைப் பத்தி எழுதாதேடா, எல்லாரும் அதைத்தான் எழுதறாங்க" என்றான் என் ஹாஸ்டல் அறைத்தோழன். அதனால் காசைப் பற்றி எழுதுகிறேன்.

என் தாத்தா பட்டாளத்துக்காரர். இரண்டாம் உலகப் போரில், 1943இல் இத்தாலிக்குப் போன இந்தியப் படையில் இருந்தவர். அவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தால் ஒரு தகர டப்பா. அதற்குள் ஏழு இத்தாலிக் காசுகள். "எண்பது வருஷப் பழசு, வெள்ளி வேற. லட்சக்கணக்கில் போகும்" என்றார் பெரியப்பா. தங்கை கல்யாணம் நெருங்கிய நேரம். அப்பாவும் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். விசாரித்துச் சொல்லும் பொறுப்பு, இன்ஜினீயர் என்பதால் என் தலையில்!

லென்ஸை எடுத்தேன். ஒரு பக்கம் அரசர் தலை. சுற்றிலும் சுருக்கெழுத்தாக 'விட். எம்.', மூன்று என்ற ரோமன் எண், பிறகு 'ரே எ இம்ப்.' அதாவது, மூன்றாம் விட்டோரியோ இமானுவேலே, அரசரும் பேரரசரும். இந்தப் 'பேரரசர்' என்ற ஒரு சொல்லே காலத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். 1900இல் பட்டத்துக்கு வந்த இவர் முதலில் 'இத்தாலியின் அரசர்' மட்டுமே. முசோலினியின் படை எத்தியோப்பியாவைப் பிடித்த பிறகு, 1936 மே 9 அன்றுதான் பேரரசர் பட்டம் வந்தது. 'இத்தாலியக் குடியரசு' என்று இருந்தால் அந்தக் காசு 1946 அல்லது அதற்குப் பிந்தியது.

மறுபக்கம் கழுகு, 1940 என்ற ஆண்டு, பக்கத்தில் ரோமன் எண்ணில் 18. "பாத்தியா, 18 காரட்!" என்றார் பெரியப்பா. இல்லை. அது 1922 அக்டோபரில் தொடங்கிய முசோலினி ஆட்சியின் ஆண்டுக்கணக்கு. அக்டோபர் கடைசியில் வருஷம் மாறுவதால் 1939ஆம் ஆண்டுக் காசில் 17ம் உண்டு, 18ம் உண்டு. கீழே உள்ள 'ஆர்' என்ற எழுத்து ரூபாய் அல்ல. ரோம் நாணயச்சாலையின் அடையாளம்.

சரி, வெள்ளியா? நம் கல்லூரி லேபில் படித்தது கைகொடுத்தது. காந்தத்தைக் காட்டினேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது! வெள்ளியைக் காந்தம் இழுக்காதே. அதுவரை நிக்கலில் அடித்த காசுகளை 1939 முதல் 'அக்மோனிட்டால்' என்ற துருப்பிடிக்காத எஃகில் அடித்தார்கள். காந்தம் இழுப்பது, இழுக்காதது என இரண்டு வகையும் உண்டு.

விலையைத் தீர்மானிப்பது வயசு அல்ல. எத்தனை அடித்தார்கள், எத்தனை மிச்சம், எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான். 1940ஆம் ஆண்டுக் காசு லட்சக்கணக்கில் அடித்தது. போதாக்குறைக்குப் பெரியப்பா விபூதி போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தார். தேய்த்த காசைச் சேகரிப்பாளர்கள் சீந்த மாட்டார்கள். ஏழும் சேர்ந்து சில நூறு ரூபாய் தேறலாம். கல்யாணத்துக்குக் கடைசியில் ஆபீஸ் லோன்தான்.

ஆனால் எனக்கு வேறொன்று கிடைத்தது. அந்த அரசரே பெரிய நாணய நிபுணர். இத்தாலிய நாணயங்களைப் பட்டியலிட்டு 1910 முதல் 1943 வரை 20 தொகுதிகள் வெளியிட்டவர். ஊரான் காசில் ஓர் எழுத்தையும் விடாமல் படித்தவர், தன் காசில் இருந்த பொய்யை விட்டுவிட்டார். 1941இலேயே எத்தியோப்பியா கைவிட்டுப் போனது. அந்தச் சண்டையிலும் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். ஆனாலும் 1943 வரை காசில் 'பேரரசர்' தொடர்ந்தது. 1946 மே 9 அன்று, சரியாகப் பத்து வருஷம் கழித்து, முடி துறந்தார். தன் நாணயச் சேகரிப்பை நாட்டுக்கே விட்டுப் போனார்.

தாத்தா ஏன் இந்தக் காசை ஆயுசு முழுக்க வைத்திருந்தார் என்று இப்போது புரிகிற மாதிரி இருக்கிறது. தோற்ற பேரரசர் ஒரு சிப்பாயின் டப்பாவுக்குள் இருந்தார்!

உங்கள் வீட்டுப் பரணிலும் டப்பா இருந்தால் தயவுசெய்து தேய்க்காதீர்கள். அப்படியே நம் சந்திப்புக்குக் கொண்டுவாருங்கள். லென்ஸும் காந்தமும் நான் கொண்டுவருகிறேன்.