விலை ஏறாத வீட்டுக்கு வரி ஏறிய கதை

போன வாரம் வால்பாறை பஸ் ஸ்டாண்டில் என் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். அவருடைய அப்பா எஸ்டேட்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு, பி.எஃப். பணத்தில் டவுனை ஒட்டி ஒரு சின்ன வீடு வாங்கினார். மகன் கையில் சொத்து வரி ரசீது. "சார், இந்த வீட்டை விக்கப் போனா வாங்கின காசுகூட வராதுங்க. வரி மட்டும் எப்படிங்க சார் ஏறுது?" என்று கேட்டார்.

வரலாறு படித்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும்.

1686-ல் சென்னையில் கறுப்பர் நகரத்து மதில் செலவுக்காகக் கம்பெனியின் ஆளுநர் வில்லியம் கிஃபோர்டு வீட்டு வரி போட்டார். மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். ஊர்க்காரர்களே உட்கார்ந்து வரி போட்டால் ஜனங்கள் கட்டுவார்கள் என்று லண்டனில் இருந்த ஜோசையா சைல்டு கணக்குப் போட்டார். 1688-ல் சென்னை மாநகராட்சி பிறந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

1810-ல் காசியில் வீட்டு வாடகையைக் கணக்கிட்டு அதில் ஒரு பங்கை வரியாகக் கேட்டார்கள். மக்கள் கடைகளை அடைத்து, வீட்டை விட்டு வெளியேறி, திறந்த வெளியில் நாள் கணக்கில் உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டு அரசு அந்த வரியைக் கைவிட்டது. தரம்பால் இதை ஆவணங்களோடு எழுதியிருக்கிறார்.

ஆனால் வாடகைக் கணக்கு மட்டும் போகவில்லை. 1920-ம் ஆண்டு மதராஸ் மாவட்ட நகராட்சிகள் சட்டம் அதையே எழுதி வைத்தது. வீட்டை விற்றால் என்ன கிடைக்கும் என்று அது பார்க்கவில்லை. வாடகைக்கு விட்டால் நியாயமாக ஒரு வருடத்துக்கு என்ன வரும் என்று பார்த்தது. கட்டடத்துக்கான வாடகையில் 10 சதவீதத்தைப் பழுதுபார்ப்புக்காகக் கழித்தது. மீதிதான் ஆண்டு மதிப்பு. அதன் மேல்தான் வரி. சொந்த வீட்டில் குடியிருப்பவரும் சட்டத்தின் கண்ணில் தன் வீட்டுக்குத் தானே வாடகைக்காரர்!

அந்த 'நியாயமான வாடகை' எவ்வளவு என்று யார் சொல்வது? குண்டூர் நகராட்சியை எதிர்த்து அந்த ஊர் வரி செலுத்துவோர் சங்கம் நடத்திய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படியான நியாய வாடகையைத் தாண்டி மதிப்புப் போடக் கூடாது என்று 1970-ல் தீர்ப்பு வந்தது. அங்கே அமலில் இருந்ததும் இதே 1920 சட்டம்தான்.

இன்று நம் ஊரில் மதிப்பைத் தீர்மானிப்பவை வீடு இருக்கும் பகுதி, கட்டடத்தின் வகை, வயது, பயன்பாடு, சதுர அடி. சந்தை விலை இறங்கினாலும் இந்தக் கணக்கு இறங்காது. நகராட்சிகளில் 2008-க்குப் பிறகு பல ஆண்டுகள் பொதுச் சீராய்வு நடைமுறையில் இல்லை. 2022-ல் மொத்தமாக ஏற்றினார்கள். 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100.

இதைச் சொன்னதும் மாணவர் ரசீதை மறுபடி பார்த்தார். 50 சதவீதம் ஏறியிருந்தது. அன்று சாயங்காலமே டேப்போடு அவர் வீட்டுக்குப் போனேன். பதிவேட்டில் 640 சதுர அடி. அளந்தால் 575. துணி காயப்போடும் திறந்த வாசலையும் சேர்த்திருக்கிறார்கள். அரையாண்டுக்கு 400 ரூபாயாக இருந்தது 500 ஆகியிருக்க வேண்டும், 600 கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மறு அளவீடு கேட்டு ஆணையாளருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

கிளம்பும்போது அந்தப் பெரியவர், "லைன் வீட்டுல இருந்த வரைக்கும் என் பேருல ஒரு ரசீதும் இருந்ததில்லீங்க வாத்தியாரே. கட்ட வேண்டியதைக் கட்டிடறேன். கணக்கு சரியா இருந்தாப் போதும்" என்றார்.

உங்கள் ரசீதில் எத்தனை சதுர அடி என்று இருக்கிறது? ஒருமுறை அளந்து பாருங்கள்.