ஒளியால் அளக்கப்பட்ட பேராலயம்

இம்மலருக்காக நம் பழைய கோவிலின் பீடத்துப் படம் ஒன்று வேண்டுமென்று வீடு வீடாகக் கேட்டோம். கிடைத்தவை இரண்டே. இரண்டிலும் மணமக்கள் நிற்கிறார்கள். அவர்கள் தோளுக்குப் பின்னால் பீடத்தின் ஒரு மூலை மட்டும் தெரிகிறது. பீடம் எத்தனை அடி உயரம், தூண்களுக்கு என்ன வர்ணம் என்பதில் நம் பெரியவர்களிடையே இன்றும் ஒத்த கருத்தில்லை. இடிக்குமுன் ஒருவரும் அளந்து வைக்கவில்லை. இந்த மனக்குறையோடுதான் பாரீஸ் மாநகரின் நோத்ர்தாம் பேராலய வரலாற்றைப் பங்கு மக்கள்முன் வைக்கிறோம்.

ஆயர் மோரிஸ் தெ சுல்லியின் காலத்தில், 1163-ஆம் ஆண்டளவில், தேவதாயின் பெயரால் தொடங்கப்பெற்ற ஆலயம் அது. ஓக் மரச் சட்டங்கள் அடர்ந்த அதன் மேற்கூரையை 'காடு' என்றே அழைத்தனர். 2019 ஏப்ரல் 15, புனித வாரத் திங்களன்று மாலை அந்தக் காடு தீப்பற்றியது. கூர்ங்கோபுரம் சரிந்து, கல் விதானத்தை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. ஆண்டவரின் முள்முடி பத்திரமாக வெளியே கொண்டுவரப்பட்டது என்ற செய்தி கேட்டபின்தான் பலருக்கு மூச்சு வந்தது.

இனி அதை எப்படி முன்போலவே கட்டுவது? இதற்கான விடையின் ஒரு பகுதியை, ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் தேடி வைத்திருந்தார். அமெரிக்காவின் வாசார் கல்லூரியில் கலை வரலாறு போதித்த ஆண்ட்ரூ டாலன் என்பவர், 2010-இல் லேசர் கருவியொன்றைப் பேராலயத்தின் உள்ளும் புறமுமாக ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களில் நிறுத்தினார். கருவி விடும் ஒளி கல்லில் பட்டுத் திரும்பும். அதைக் கொண்டு தூரம் கணிக்கப்படும். இவ்வாறு நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் கணினியில் சேர்ந்து, ஆலயமே புள்ளிகளால் எழுந்து நின்றது. சில தூண்கள் நேர்கோட்டில் இல்லை என்பதும் அப்போது வெளிப்பட்டது. பழைய கொத்தனார்களும் மனிதர்கள்தானே! டாலன் 2018 நவம்பரில் இறைவனடி சேர்ந்தார். தம் உழைப்பு எதற்குப் பயன்பட்டது என்பதை அவர் காணவில்லை.

கருவி மட்டுமே எல்லாம் செய்துவிட்டது என்று கூறோம். ரெமி ஃப்ரொமோன், செட்ரிக் ட்ராந்தெஸோ என்ற இரு கட்டடக் கலைஞர்கள் 2014-இல் அந்த மரக் 'காட்டை' அளந்து, வரைபடம் தீட்டி வைத்திருந்தார்கள். ஏறத்தாழ 2000 ஓக் மரங்கள் வெட்டப்பட்டன; தச்சர்கள் பழைய முறைப்படி கோடரியால் உத்திரங்களைச் செதுக்கினர். 2024 டிசம்பர் 7-இல் கதவுகள் திறந்தன. மறுநாள் பீடத்தில் முதல் திருப்பலி நடந்தது.

நமக்கு உரிய ஒரு செய்தியும் உண்டு. கூர்ங்கோபுரத்தின் அடியில் நின்ற பன்னிரு அப்போஸ்தலர், நான்கு நற்செய்தியாளர் ஆகியோரின் செப்புச் சிலைகள், பழுது பார்ப்பதற்காகத் தீ விபத்துக்கு நான்கு நாள் முன்புதான் இறக்கப்பட்டிருந்தன. மற்ற அப்போஸ்தலர்கள் நகரத்தைப் பார்க்க, ஒருவர் மட்டும் திரும்பிக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார். அவர் கட்டடக் கலைஞர்களின் பாதுகாவலரும் மயிலையில் அடக்கமானவருமான நம் புனித தோமையார். தொட்டுப் பார்த்தே நம்பியவர் அல்லவா!

நம் மணிக்கூண்டையாவது நான்கு புறமும் படமெடுத்து, அளந்து, கணினியில் ஏற்றும் வேலையை இளைஞர்கள் தொடங்கியுள்ளார்கள். பழைய கோவிலில் மணமுடித்தோர் தங்கள் திருமண ஆல்பத்தை ஒரு நாள் பங்கு அலுவலகத்தில் கொடுத்தால், நகலெடுத்து அன்றே திருப்பித் தருகிறோம்.