அப்பத்தில் ஏறிய ‘ஹ’

கொழும்பு வெள்ளவத்தைக் காலி வீதிக் கடைகளில் பின்னேரமானால் அப்பச்சட்டி அடுப்பில் ஏறிவிடும். ஒரு கரண்டி மா விட்டு, இரு காதையும் பிடித்து ஒரு சுழற்று. ஓரம் மெல்லிசாய் ஏறி முறுகும். நடு மெத்தென்று நிற்கும். பெயர்ப்பலகையில் தமிழுக்கு அப்பம், சிங்களத்துக்கு ஆப்ப, ஆங்கிலத்துக்கு ஹொப்பர்.

துள்ளலைக் குறிக்கும் ‘ஹொப்’புக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆலையில் தானியம் கொட்டும் கூம்புப் பெட்டியும் ஆங்கிலத்தில் ஹொப்பர்தான். அப்பத்தின் குழிவைப் பார்த்தால் அதுதான் மூலமோ என்று தோன்றும், அதுவுமில்லை. ஹென்றி யூலும் பேர்ணலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹொப்சன்-ஜொப்சன்’ அகராதி, தமிழ் அப்பத்தையே வேராகக் காட்டுகிறது. பேர்ணல் சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்தவர். புத்தகத்தைக் காணாமலே 1882இல் கண்மூடிவிட்டார். அந்த அகராதியின் பெயரே காதுப் பிழையில் பிறந்ததுதான். முஹர்ரம் ஊர்வலத்தில் எழுந்த ‘யா ஹசன், யா ஹுசைன்’ வெள்ளைச் சிப்பாய்களின் வாயில் அப்படித் திரிந்தது. அப்பத்துக்கும் இதே கதிதான். வாயில் பிடிபடாத சொல்லைத் தனக்குப் பழகிய சொல்லின் சாயலில் வார்த்துக்கொண்டது ஆங்கிலம்.

அப்பத்துக்கு வேர் எது என்பது வேறு வழக்கு. ரிக் வேதத்திலேயே வரும் ‘அபூப’த்தோடு அதை முடிப்பவர்கள் உண்டு. நம் பக்கத்திலும் பழைய சாட்சி இருக்கிறது: பெரும்பாணாற்றுப்படையில் அப்பம் சுட்டு விற்கும் கூவியர் வருகிறார்கள். இழை சுற்றிய அவர்களுடைய வட்டப் பண்டம் பாலில் கிடக்கிறது. அதை இடியப்பம் என்று கொள்வாரும் உண்டு. எனக்கும் அந்தப் பக்கம் சாய ஆசைதான், ஆனால் ஆசை ஆதாரமாகாது.

இடியப்பத்தை ஆங்கிலம் ‘ஸ்ட்ரிங் ஹொப்பர்’ ஆக்கியது. தமிழ்ப் பெயரில் இடிக்கிற வேலை இருக்கிறது. ஆங்கிலப் பெயரில் தட்டில் கிடக்கும் நூல் மட்டும். கொட்டாஞ்சேனையில் சொதியும் சம்பலும் வைத்துச் சாப்பிடுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். முட்டை அப்பம் ‘எக் ஹொப்பர்’ ஆனதில் மட்டும் எந்தச் சிக்கலும் இல்லை.

லண்டன் சோஹோவில் 2015இல் ‘ஹொப்பர்ஸ்’ என்றே ஓர் உணவகம் திறந்தார்கள். அங்கே தோசை தோசையாகவே விற்கிறது. தோசை ஆங்கிலத்துக்குள் பிந்திப் போனது, எழுத்தோடு போனது. அப்பம் முந்திப் போனது, வாய்வழியே.