காரைக்குடித் தூண் யார் வீட்டுத் தூண்?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய் வந்தவர்கள் நம் வளாகத்தில் பத்து வீட்டிலாவது இருப்பார்கள். ஒரு வீட்டு ஹாலில் பித்தளை அண்டா குடை வைக்கும் இடமாகியிருக்கிறது. இன்னொரு வீட்டில் கணக்குப்பிள்ளை மேசை டெலிபோனையும் வைஃபை பெட்டியையும் தாங்குகிறது. பூப்போட்ட எனாமல் டிபன் கேரியரைச் செடித்தொட்டியாக்கிய பால்கனிகளும் உண்டு. இப்போது தரைத்தள வரவேற்புக் கூடத்தைப் புதுப்பிக்கும் பேச்சு வந்திருக்கிறது. நான்கு பழைய தேக்குத் தூண்களும் ஒரு நிலைக்கதவும் வாங்கி 'செட்டிநாடு லுக்' கொடுக்கலாம் என்ற யோசனை வரும் பொதுக்குழுவுக்கு வருகிறது. கை தூக்குவதற்கு முன், அந்தத் தூண் அந்தத் தெருவுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

செட்டிநாடு என்பது சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களின் தொகுதி. மழை குறைந்த வறண்ட பூமி. விளைச்சலை நம்பி அங்கே அரண்மனை கட்டியிருக்க முடியாது. காசு கடல் கடந்து வந்தது. 1852இல் ஆங்கிலேயர் கீழ்பர்மாவைப் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி கழிமுகத்தின் சதுப்புக் காடுகளை வெட்டி நெல் வயலாக்கிய பர்மிய விவசாயிக்கு முதல் தேவைப்பட்டது. ஆங்கிலேய வங்கிகள் அவனுக்கு நேரடியாகக் கடன் கொடுக்கத் தயாராக இல்லை. அந்த இடைவெளியில்தான் நகரத்தார் நுழைந்தார்கள். பர்மாவோடு நிற்காமல் இலங்கை, மலேயா, சைகோன் வரை போனார்கள்.

போனவர்கள் அங்கே எப்படி இருந்தார்கள் என்பது அந்தக் கணக்குப்பிள்ளை மேசையில் இருக்கிறது. கிட்டங்கி என்று ஒரு நீளமான கூடம். அதில் பல கடைக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் செய்வார்கள். ஒருவருக்கு ஒரு சாய்வு மேசைப்பெட்டி, ஓர் இரும்புப் பெட்டி, ஒரு பாய். பகலில் அதுவே அலுவலகம், இரவில் அங்கேயே படுக்கை. ஏஜெண்டாகப் போகிறவர் வழக்கமாக மூன்று வருடக் கணக்குக்குப் போவார். முடித்துவிட்டு ஊர் திரும்பி, கொஞ்ச காலம் இருந்து, மறுபடி கப்பல் ஏறுவார். நாற்காலி கிடையாது, தரையில்தான் உட்கார வேண்டும். அதனால்தான் அந்த மேசைக்குக் கால்களே இல்லை, அல்லது ஒரு சாண் உயரம்தான். நாம் அதற்கு ஸ்டாண்டு அடித்து சோபா பக்கத்தில் வைக்கிறோம். வைக்கட்டும், தப்பில்லை.

அங்கே ஒரு பாயில் படுத்தவர்கள் ஊரில் கட்டியதைப் பாருங்கள். ஏறக்குறைய 1850 முதல் 1940 வரை கட்டப்பட்ட வீடுகள் இவை. பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். திண்ணை, முகப்பு, நடுவில் வானம் பார்த்த வளவு, அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வரிசையாகப் போகும். வாசலில் நின்றால் கதவுக்குள் கதவாகக் கொல்லைப்புறம் வரை பார்வை ஓடும். பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து பளிங்கு, பெல்ஜியத்திலிருந்து நிலைக்கண்ணாடி, ஜப்பானிலிருந்து பூ புடைத்த சுவர் ஓடு என்று கப்பல் கப்பலாக வந்தன. சுவருக்கு மட்டும் உள்ளூர்க் கைவேலை. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், வெல்லம் சேர்த்து அரைத்துப் பூசித் தேய்த்த சுவர்கள் இன்றும் வழுவழு என்று இருக்கின்றன. பிரதான நிலைக்கு மேலே சூரியப்பலகை என்ற செதுக்குப் பலகை இருக்கும். பெரும்பாலும் நடுவில் கஜலட்சுமி.

ஆத்தங்குடிக் கல்லை எல்லோரும் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள், செய்முறை தெரிந்தவர்கள் குறைவு. கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ அச்சுக்குள் நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த மணல்-சிமெண்ட் தூவி, கலவை போட்டுச் சமன் செய்து, பிறகு தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிடுவார்கள். சூளையில் சுடுவதே இல்லை. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. கால் படப்படக் கூடும், ஆசிட் ஊற்றிக் கழுவினால் செத்துப்போகும். இது இன்றும் ஆத்தங்குடியில் புதிதாகச் செய்யப்படுகிறது. அதாவது, யார் வீட்டையும் இடிக்காமல் உங்கள் வீட்டுக்கு வரக்கூடிய செட்டிநாடு இது. ஆனால் ஏற்கெனவே தரை போட்ட பிளாட்டில் மேலே பதித்தால் தரை உயர்ந்துவிடும், கதவுகளை அடியில் அறுக்க வேண்டிவரும். பால்கனி, பூஜை அறை அளவில் தொடங்குவது உத்தமம்.

சரி, இவ்வளவும் எப்படிக் கடைத்தெருவுக்கு வந்தது?

1930இன் உலகப் பொருளாதாரச் சரிவில் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை, அடமான நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1938இல் அது 25 சதவீதம். சொத்து பெருகியதுபோல் தெரியும். உண்மையில் அது ரொக்கம் மண்ணாக மாறிய கதை. விற்கவும் முடியாது, எடுத்து வரவும் முடியாது. நிலத்தை இழந்த பர்மியர்களின் கசப்பு வேறு. அந்தக் கசப்பில் நியாயம் இல்லை என்று நம்மால் சொல்ல முடியாது. வளவுத் தூண்களைப் பார்த்து மயங்கும்போது ஐராவதிக் கரையில் நிலம் போன குடும்பங்களும் அந்தக் கணக்கில் உண்டு. 1942இல் ஜப்பான் படை வந்தது. இந்தியர்கள் லட்சக்கணக்கில் கப்பலிலும் கால்நடையாகவும் வெளியேறினார்கள், வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். 1948இல் பர்மா சுதந்திரம் பெற்று நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. அறுபதுகளில் நே வின் அரசு மிச்சமிருந்த தொழிலையும் எடுத்துக்கொண்டது.

வரவு நின்றது. வீடு நின்றது. ஓடு மாற்ற வேண்டும், கரையான் பார்க்க வேண்டும், வெள்ளை அடிக்க வேண்டும். வீடோ ஒருவருடையது அல்ல. மகன்களுக்கெல்லாம் பங்கு, அவர்களின் மகன்களுக்கும் பங்கு. திருமணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. வளவைச் சுற்றிய அறைகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை, அதில் அவரவர் சாமான். நான்கு தலைமுறை ஆனதும் ஒரே வீட்டுக்குச் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், அமெரிக்கா என்று பங்காளிகள். செலவைப் பிரிக்க ஒத்துவராதபோது பிரிக்க எளிதான ஒன்று இருந்தது, மரம். நின்ற வீட்டைவிடப் பிரித்த வீடு அதிக விலை போனது. தூண் தனியாக, நிலை தனியாக, சூரியப்பலகை தனியாக, உத்தரம் தனியாக லாரி ஏறின. இப்படி விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் அடுக்ககத்தில் ஒரு மோட்டார் மாற்றும் செலவைப் பங்கிடவே எத்தனை கூட்டம் போட்டோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

செட்டிநாட்டு ஊர்த் தொகுதி 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. பட்டியலில் இருப்பது ஊர், தெரு, வீடு ஆகியவற்றின் அமைப்பு. கழற்றி எடுத்த தூணுக்கு அந்த மதிப்பு கூடவே வராது.

ஆகவே என் கருத்து இது. சாமானை வாங்குங்கள், வீட்டை வாங்காதீர்கள். சாமான் வேறு கதை. பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தவை அளவில்லாமல் குவிந்தன. கல்யாணத்தில் சாமான் பரப்பி வைப்பது ஒரு சடங்காகவே இருந்தது. பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், சுவீடனிலிருந்து வந்த எனாமல் எல்லாம் டஜன் கணக்கில். புழங்காமலே அறைக்குள் இருந்தவை நிறைய. அவை விற்பனைக்கு வருவதற்காக எந்தக் கூரையும் இறங்க வேண்டியதில்லை. ஆனால் பழைய உத்தரத்துக்கும் தூணுக்கும் நம்மைப் போன்ற அடுக்ககங்களும் ரிசார்ட்டுகளும் விலை வைக்கும்போது, இடிக்கலாமா வேண்டாமா என்று தயங்கும் பங்காளிகளின் பக்கம் ஒரு எடைக்கல்லை நாம் போடுகிறோம். 'ஏற்கெனவே இடித்ததுதானே, நாம் வாங்காவிட்டால் விறகாகத்தானே போகும்' என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பத்து வருடமாகக் கடையில் கிடக்கும் தூணுக்கு அது பொருந்தும். அடுத்த லாரிக்கு அது பொருந்தாது.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பாத்திரத்தில் பெயர் பொறித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய பழைய தலைப்பெழுத்துகளும் இப்போதைய மெஷின் எழுத்தும் ஒன்றுபோல் இருக்காது. உண்மையாகப் புழங்கிய அண்டாவின் தேய்மானம் அடியிலும் கைப்பிடி ஓரத்திலும் இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் ஆசிட் வேலையாக இருக்கலாம். எனாமல் தட்டு சில்லு பெயர்ந்திருந்தால் சாப்பாட்டுக்கு வேண்டாம். பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும், புளிப்பு பட்டால் ஆபத்து. பழம், முறுக்கு வைக்கலாம், அதுவும் முழுசாக உள்ளதில். பித்தளையில் சமைப்பதானால் புதிதாக ஈயம் பூசிக்கொள்ளுங்கள். அந்த ஈயம் வெள்ளீயம், பயப்பட வேண்டாம். மரச்சாமானைத் தட்டிப் பாருங்கள். சிறு துளையிலிருந்து புதுத் தூள் உதிர்ந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது, உங்கள் மாடுலர் கிச்சனுக்கும் அது வரும். ரவிவர்மா படம் என்று காட்டுவார்கள். அவர் 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் வீட்டுக்கு வீடு போனது உண்மைதான். பழைய சட்டத்துக்குள் புதுத் தாளை நுழைப்பதும் உண்மை.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1972இன் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் தொல்பொருள் ஆகலாம். அதை விற்பதற்கு உரிமம் வேண்டும், சிலை, ஓவியம் போன்றவற்றை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும், வெளிநாட்டுக்குத் தனியார் கொண்டுபோகவே கூடாது. சிங்கப்பூர் மகளுக்கு அனுப்ப நினைப்பவர்கள் கவனிக்கவும். கடைக்காரர் 'நூத்தம்பது வருஷத்துச் சிலை சார்' என்றால், உரிமம் எங்கே என்று கேளுங்கள். இல்லையென்றால் வயது பொய்யாக இருக்க வேண்டும், அல்லது வியாபாரம் தப்பாக இருக்க வேண்டும். சாமி சிலை பக்கமே போகாதீர்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜர் 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டு, 2014இல்தான் நாடு திரும்பினார். அங்கேயும் காகிதங்கள் ஒழுங்காக இருப்பதுபோல்தான் காட்டியிருந்தார்கள். தந்தப் பொருள் எதுவானாலும் வன உயிரினச் சட்டம் வரும்.

சாமானைக் கொண்டுவந்தாயிற்று, இனி என்ன செய்வது? கண்ணாடி அலமாரியில் பூட்டாதீர்கள் என்பேன். அந்த வீடுகளே விருந்துக்காகக் கட்டியவை. பந்தி வளவிலும் முகப்புக் கூடத்திலும் தரையில்தான். சனிக்கிழமை எட்டு பேரைக் கூப்பிட்டால் டைனிங் டேபிள் போதாது என்று கவலைப்படுகிறோம். சோபாவைச் சுவரோரம் தள்ளி, ஒரு பவானி ஜமக்காளம் விரித்து, இலை போடுங்கள். முட்டி வலிப்பவர்களுக்கு மட்டும் நாற்காலி. வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் மாவு அரைத்துவிட்டால் அரை மணி வேலை. கவுனி அரிசியை முதல்நாள் இரவே ஊறவைத்தால் மறுநாள் குக்கரில் வைத்துச் சர்க்கரை, தேங்காய், நெய் சேர்ப்பதோடு சரி. அந்தக் கறுப்பரிசியும் பர்மாவிலிருந்து வந்த வழக்கம் என்பார்கள், கதை சொல்ல ஆச்சு. வெற்றிலை பாக்கை ஓலைக் கொட்டானில் வையுங்கள். கொட்டான் பழசு வேண்டாம். செட்டிநாட்டுப் பெண்கள் இன்றும் பின்னுகிறார்கள், புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

வரவேற்புக் கூடத்துக்கு என் யோசனை: தரையில் ஒரு பட்டைக்கு ஆத்தங்குடிக் கல், சுவரில் செட்டிநாட்டுத் தெருக்களின் புகைப்படங்கள், மூலையில் கறையான் இல்லாத ஒரு கணக்குப்பெட்டி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழுக்கு எழுதுங்கள். வாக்களிக்கும் முன் ஒரு தடவை முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போய் வாருங்கள். செட்டிநாட்டு வீடு ஒன்றை அங்கே முழு வீடாகவே நிறுத்தியிருக்கிறார்கள், தூண் எந்த இடத்தில் எதற்காக நின்றது என்று சுற்றிப் பார்க்கலாம். ஈசிஆர் சாலையில்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை விடுமுறை.