பாட்டைத் தொடங்கி வைத்த விரல்கள்

எண்பதுகளில் காப்பார், மேரு சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கோயில் திருவிழா என்றால் இரவில் ஒரு மெல்லிசை நிகழ்ச்சி நிச்சயம் உண்டு. லயத்து மக்கள் பாயும் சாக்கும் விரித்து முன்கூட்டியே இடம் பிடித்து விடுவார்கள். பாடகர் ஒலிவாங்கிக்கு வருவதற்கு முன்பே மேடையின் ஓரத்தில் நிற்கும் கித்தார் இளைஞர் தந்திகளை ஒவ்வொன்றாகத் தொட ஆரம்பிப்பார். இரண்டு சுற்று முடிவதற்குள் கூட்டத்தில் விசில் பறக்கும். எந்தப் பாட்டு என்று யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. 'இளைய நிலா' என்று கைக்குழந்தையைத் தோளில் போட்டிருக்கும் தாய்க்கும் தெரியும்.

அதே பாட்டு வானொலியில் வரும்போது அறிவிப்பாளர் முறையாக எல்லா விவரங்களையும் சொல்வார். படம் பயணங்கள் முடிவதில்லை. பாடியவர் எஸ்.பி.பாலசுப்பிரமணியம். இயற்றியவர் வைரமுத்து. இசை இளையராஜா. வாசித்தவர் பெயர் மட்டும் வராது. 1982-இல் வெளிவந்த அந்தப் பாடலில் கித்தார் வாசித்தவர் ஆர்.சந்திரசேகர். இளையராஜா குழுவின் புகழ்பெற்ற டிரம்ஸ் கலைஞர் புருஷோத்தமனின் சகோதரர் அவர். பாட்டு கடல் கடந்து வந்து தோட்டத்து மேடை வரை ஏறியது. அந்தப் பெயர் மட்டும் சென்னை ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலைத் தாண்டுவதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

தமிழ்த் திரையிசையில் கித்தாரின் வரலாற்றைப் பேசுவதென்றால் இந்தக் குறையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. பிடித்த பாடகர் யார் என்று கேட்டால் ஒருவர் பத்துப் பெயர் சொல்வார். பிடித்த கித்தார் கலைஞர் யார் என்று கேட்டால் பாட்டின் பெயரைத்தான் சொல்வார். "அந்தப் பாட்டுல ஒருத்தர் வாசிச்சிருப்பாரே" என்பதோடு பேச்சு நின்று விடும்.

கித்தார் இந்த மண்ணுக்கு வந்த கதை தனிக்கதை. இங்கிலாந்தின் 'தி ஷேடோஸ்' குழு 1960-இல் வெளியிட்ட 'அப்பாச்சி' இசைத்தட்டில் பாட்டே கிடையாது. ஹேங்க் மார்வின் என்ற இளைஞரின் மின்கித்தார்தான் அங்கே பாடியது. மறு ஆண்டு, 1961-இல், கிளிஃப் ரிச்சர்டுடன் அந்தக் குழு சிங்கப்பூருக்கு வந்து வாசித்தது. அதன் பிறகு மலாயா, சிங்கப்பூர் இளைஞர்களிடையே கித்தார் மோகம் தீயாகப் பரவியது. மலாய்க்காரர்கள் இத்தகைய குழுக்களுக்கு 'குகிரான்' என்றே பெயர் வைத்தார்கள். 'கும்புலான் கித்தார் ரஞ்சாக்' என்பதன் சுருக்கம் அது. துள்ளல் கித்தார்க் குழு என்று பொருள் கொள்ளலாம். பாப் யே யே என்று பின்னாளில் அழைக்கப்பட்ட பாடல்கள் இந்தக் குழுக்களிடமிருந்து பிறந்தவையே.

விலையுயர்ந்த மின்கித்தார் எல்லாருக்கும் எட்டவில்லை. எளியவர்களுக்குச் சீனாவில் செய்யப்பட்ட 'கப்போக்' கித்தார் இருந்தது. அதன் கழுத்து சற்று வளைந்திருக்கும், தந்தி உயரமாக நின்று விரலை அறுக்கும். ஆனாலும் மலிவு. மரக்கித்தார் எதுவானாலும் 'கித்தார் கப்போக்' என்றே இந்நாட்டில் சொல்லும் அளவுக்கு அந்த முத்திரை நிலைத்து விட்டது. இசைக்குறிப்பு படிக்கத் தெரியாத எத்தனையோ தமிழ் இளைஞர்கள் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காதால் கேட்டுக் கேட்டு, அந்தக் கித்தாரில்தான் விரல் பழகினார்கள். அவர்களுக்கு ஆசிரியர் உண்டு. ஆசிரியரின் பெயர்தான் தெரியாது.

சென்னையில் அந்தக் காலகட்டத்தில் எம்.எஸ்.விஸ்வநாதன் குழுவில் கித்தார் வாசித்தவர் பிலிப்ஸ். 1964 விஸ்வநாதன்-ராமமூர்த்தி இரட்டையருக்கு ஒரு பொன்னான ஆண்டு. 'காதலிக்க நேரமில்லை' படத்தில் 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' பாடலைக் கேட்டுப் பாருங்கள். ஷேடோஸ், பீட்டில்ஸ் காலத்துத் துடிப்பு தமிழில் எப்படி உட்கார்ந்தது என்பது விளங்கும். கித்தாரைத் தமிழ்ப் பாட்டுக்குள் நாகரிகத்தின் அடையாளமாகக் கொண்டு வந்தார்கள். கல்லூரி இளைஞன், நடன விடுதி, கார்ப் பயணம் என்றால் கித்தார் ஒலிக்கும். வயலில் நிற்கும் நாயகனுக்கு அது கிடைக்காது. சோகத்துக்கும் பெரும்பாலும் கிடைக்காது.

அந்த வரம்பை உடைத்தவர் தாமே ஒரு கித்தார் கலைஞர். பண்ணைப்புரத்து ராஜா 1968-இல் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கித்தார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். சலில் சௌத்ரி போன்ற இசையமைப்பாளர்களின் ஒலிப்பதிவுகளில் கூலிக்கு கித்தார் வாசித்தார், ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. அதுவரை அவர் வாசித்த பாடல்களில் அவர் பெயர் எங்கும் இல்லை. கித்தாரைக் கீழே வைத்து விட்டு இசையமைப்பாளர் நாற்காலியில் அமர்ந்த பிறகே இளையராஜா என்ற பெயர் சுவரொட்டியில் ஏறியது.

ஆனால் கித்தாரை அவர் மறக்கவில்லை. மேற்கத்திய இசையில் இயல்பான மைனர் ஸ்கேல் என்பதும் நம் நடபைரவியும் ஒரே சுரவரிசைதான். மேஜர் ஸ்கேல் என்பது சங்கராபரணம். இந்தப் பொது நிலத்தில் கித்தாரை நிற்க வைத்தால் அது அயலார் வீட்டு வாத்தியமாக ஒலிக்காது என்பதை அவர் கண்டுகொண்டார். அதற்கு முதல் சான்றாக 1980-இல் வந்த 'மூடுபனி'யைச் சொல்லலாம். பாலு மகேந்திரா இயக்கிய அந்தப் படம் இளையராஜாவுக்கு நூறாவது படம். கே.ஜே.யேசுதாஸ் பாடிய 'என் இனிய பொன் நிலாவே' நடபைரவியில் அமைந்தது. திரையில் பிரதாப் போத்தன் கித்தாரோடு உட்கார்ந்து பாடுவார். அதில் கித்தார் குதிப்பதில்லை, பெருமை அடிப்பதில்லை. தனிமையில் இருக்கும் ஒரு மனிதனின் மூச்சைப் போல ஏறி இறங்குகிறது. விசில் வாங்குவது 'இளைய நிலா' என்றாலும், நள்ளிரவில் ஒரே ஒரு பாட்டு கேட்கலாம் என்றால் 'மூடுபனி'ப் பாட்டுக்கே வாக்களிக்க வேண்டும். இதை ஏற்காதவர்கள் நிறைய இருப்பார்கள். காப்பாரில் ஒரு தேநீர்க் கடையில் இந்த வழக்கை எடுத்தால் கடை மூடும் வரை தீராது.

'இளைய நிலா'வின் கடினம் வாசிப்பவர்களுக்குத்தான் தெரியும். அந்த முன்னிசையில் சந்திரசேகர் தந்திகளைச் சேர்த்து அடிப்பதில்லை. சுரங்களைப் பிரித்துப் பிரித்து மீட்டுகிறார், ஆனால் ஒன்றின் ஒலி அடங்குவதற்குள் அடுத்தது வந்து அதன் மேல் படிகிறது. அன்றைய ஒலிப்பதிவு முறையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பாடகரும் வாத்தியக் குழுவும் சேர்ந்து ஒரே மூச்சில் பதிவு செய்வதே அப்போது வழக்கம். ஒரு விரல் தவறினால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்போது போல ஒரு சுரத்தை மட்டும் வெட்டி ஒட்ட வழியில்லை. அடுத்த ஆண்டே இந்த மெட்டு இந்திக்குப் போனது. கல்யாண்ஜி-ஆனந்த்ஜி இசையில் 'கலாகார்' படத்தில் கிஷோர் குமார் பாடினார்.

அதே குழுவில் சதானந்தம் கித்தார் வாசித்தார். பேஸ் கித்தார் என்றால் சசிதரன். பேஸ் கித்தாரின் நிலை இன்னும் பரிதாபமானது. தோட்டத்து வீடுகளில் இருந்த சிறிய டிரான்சிஸ்டர் வானொலியின் ஒலிபெருக்கி உள்ளங்கை அளவே இருக்கும். தாழ்ந்த சுரங்களை அதனால் வெளியே தள்ள முடியாது. ஆகவே பல ஆண்டுகள் அந்த வாத்தியம் வாசிக்கப்பட்டும் இங்கே கேட்கவே இல்லை. பெரிய ஒலிபெருக்கிகளோடு கேசட் பெட்டிகள் வீட்டுக்கு வந்த பிறகுதான், ஏற்கெனவே மனப்பாடமான பாட்டுக்குக் கீழே இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது தெரிய வந்தது. 1982-இல் ஸ்ரீதர் இயக்கிய 'நினைவெல்லாம் நித்யா'வின் 'பனிவிழும் மலர்வனம்' பாடலை ஒருமுறை அப்படிக் கேளுங்கள். பாலசுப்பிரமணியத்தின் குரலை விட்டு விட்டு அடியில் நடக்கும் தடித்த தந்தியை மட்டும் பின்தொடருங்கள். சலநாட்டை என்ற அபூர்வ ராகத்தில் அமைந்த பாட்டு அது என்பதும் அப்போது நினைவுக்கு வரட்டும்.

வடக்கிலும் இதே கதைதான். 1971-இல் 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' படத்தின் 'தம் மாரோ தம்' பாடலில் வரும் கித்தார் பூபிந்தர் சிங்குடையது. 1973-இல் 'யாதோங் கி பாராத்' படத்தின் 'சுரா லியா' பாடலிலும் அவரே வாசித்தார். அந்தப் படத்தைத்தான் தமிழில் 1975-இல் எம்.ஜி.ஆர். நடித்த 'நாளை நமதே'யாக நம்மவர்கள் பார்த்தார்கள். 2022-இல் மறைந்த பூபிந்தர் சிங்கை மக்கள் அறிந்தது கஜல் பாடகராகத்தான். பாடியதால் பெயர் கிடைத்தது, பெயர் கிடைத்த பிறகு அவர் கித்தாரும் வாசித்தவர் என்று தெரிந்தது.

மலேசியாவிலும் கித்தார் ஏந்திய தமிழருக்குப் பெயர் கிடைத்த இடம் மேடைதான். பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் தொடங்கிய 'அலிகேட்ஸ்' குழு மலாய்ப் பாடல்களால் நாடு முழுவதும் அறியப்பட்டது. கித்தாரும் குரலுமாக நின்ற லோகநாதன் 2007-இல் மறைந்தபோது எல்லா இனத்தவரும் வருந்தினார்கள். இந்நாட்டில் பிறந்து சிங்கப்பூரில் வாசித்து வந்த பால் பொன்னுதுரை, ஒற்றைக் கித்தாரில் ஒரு குழுவே வாசிப்பது போன்ற மயக்கத்தை உண்டாக்குவார். 2012-இல் அவரும் போய் விட்டார். தமிழ்ச் சமூகத்தில் அவருடைய பெயரை அறிந்தவர்கள் குறைவு.

கர்நாடக சங்கீத மேடை மட்டும் வேறு விதமாக நடந்து கொண்டது. மேற்கத்திய வாத்தியத்தை எளிதில் உள்ளே விடாத மேடை என்று பெயர் வாங்கிய இடம் அது. ஆனால் உள்ளே விட்டால் நடுவில் உட்கார வைக்கும். சுகுமார் பிரசாத் மின்கித்தாரில் கீர்த்தனை வாசித்து வழி திறந்தார். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்து, பின்னர் அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குச் சென்ற பிரசன்னா அந்த வழியை அகலப்படுத்தினார். கமகத்தைத் தந்தியை இழுத்தும் சறுக்கியும் கொண்டு வர வேண்டும். கித்தாரின் கழுத்தில் இருக்கும் உலோகக் கட்டைகள் அதற்கு ஒத்துழைக்கா. அந்தப் போராட்டத்தைக் கேட்பதற்காகவே அவர்களுடைய கச்சேரிப் பதிவுகளைத் தேடிக் கேட்கலாம்.

திரையிசையில் கணக்கு மாறியது 1992-க்குப் பிறகு. 'ரோஜா'வோடு வந்த ஏ.ஆர்.ரகுமானும் தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்றவர்தான். தம் இசைத்தொகுப்புகளின் அட்டையில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை அச்சிடும் வழக்கத்தை அவர் கொண்டு வந்தார். பேஸ் கித்தார் கீத் பீட்டர்ஸ் என்று கேசட் அட்டையிலும் குறுந்தட்டு அட்டையிலும் படித்த பிறகே ரசிகர்கள் அவரைத் தேடிக் கேட்டார்கள். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் கேசட் வாங்கி, பேருந்தில் காப்பாருக்குத் திரும்பும் வழியிலேயே அந்த மடித்த தாளை விரித்து எழுத்துக்கூட்டிப் படித்த தலைமுறை ஒன்று உண்டு. பொடி எழுத்துதான், ஆனாலும் பெயர் இருந்தது.

இன்று கேசட்டும் இல்லை, மடித்த தாளும் இல்லை. கைப்பேசியில் பாட்டைத் தட்டினால் படத்தின் பெயரும் பாடகரும் இசையமைப்பாளரும் பெரும்பாலும் கண்ணில் படுகிறார்கள். வாசித்தவரை அறிய வேண்டுமானால் தேடிப் போக வேண்டும். மின்னல் எப்.எம். போன்ற நம் வானொலிகள் வாரத்தில் ஒரு பாட்டுக்காவது ஐந்தாவது பெயரையும் சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்து விடும்? அரை நிமிடம் கூட ஆகாது. அந்தக் காலத்துக் கலைஞர்கள் வயதாகி ஒவ்வொருவராக விடைபெற்றுக் கொண்டிருக்கிறார்கள். புருஷோத்தமன் 2020-இல் மறைந்தார். எந்தப் பாட்டில் யார் வாசித்தார் என்பதை அருகில் இருந்து அறிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டிய வேலை இது.

கடைசியாக ஒரு பாட்டு. இதைக் கேட்பதோடு நில்லாமல் பார்க்கவும் வேண்டும். 1964-இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் 'அவளுக்கென்ன' பாடல் ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்டுகிறது. டி.எம்.சௌந்தரராஜன் ஒலிவாங்கிக்கு முன் நின்று பாடுகிறார், எம்.எஸ்.விஸ்வநாதன் கையசைத்து இசைக்குழுவை நடத்துகிறார். வாத்தியக் கலைஞர்கள் வரிசையாக அமர்ந்து வாசிக்கிறார்கள். நாகேஷின் ஆட்டத்தை எத்தனையோ முறை ரசித்தாகி விட்டது. அடுத்த முறை அந்தப் பாட்டு தொலைக்காட்சியில் வரும்போது, பாடகருக்குப் பின்னால் இருக்கும் முகங்களைப் பாருங்கள்.