பன்னிரண்டா, பதின்மூன்றா? ஆதிகோணநாயகர் பெயரும் கைபேசிச் செயலிப் பொறியியலும்

கைபேசிச் செயலி உருவாக்கத்தைத் தனித்த பொறியியலாக எண்ணிப் பார்த்த தொடக்க ஆய்வுகளில் ஒன்று, அந்தோனி வாசர்மன் 2010 நவம்பரில் சாந்தா ஃபே ஆய்வரங்கில் வைத்த கட்டுரை. கைபேசிச் செயலி பலவகையிலும் கருவிகளுக்குள் பதித்த மென்பொருளைப் போன்றதே, ஆனால் மரபான மென்பொருளில் அதிகம் காணாத எட்டுத் தேவைகள் அதற்குக் கூடுதலாக உண்டு என்பது அவருடைய வாசிப்பு. பிற செயலிகளோடு உறவாடல், உணரிகள், கருவியும் வலையும் கலந்த அமைப்பு, கருவிக் குடும்பங்கள், பாதுகாப்பு, இடைமுகம், சோதனையின் சிக்கல், மின்கலச் செலவு என்று அவர் பட்டியல் போகிறது. எட்டில் ஒன்றுகூட எழுத்தைப் பற்றியதல்ல.

வாசர்மன் வாழும் உலகில் எழுத்து கைபேசியோடு சேர்ந்தே வருகிறது, மின்கலம் வருவதுபோல. தமிழுக்கு அப்படி வரவில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005இல் சிங்கப்பூரில் வெளியிட்ட ‘செல்லினம்’ ஜாவா கைபேசிகளின் காலத்தது. எழுத்துருவே இல்லாத கருவியில் செயலிதான் எழுத்தை வரைந்து காட்ட வேண்டும். தொடக்ககால நோக்கியா சீரிஸ் 40 கைபேசிகளோ ஒரு செயலிக்கு விட்ட இடம் 64 கிலோபைட். குறுஞ்செய்தியிலும் இதே நெருக்கடி. ஒரு செய்திக்கு 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து எழுதலாம், ஒருங்குறியில் 70 குறியீடுதான். ‘தம்பலகாமம்’ என்ற ஏழெழுத்து ஊர்ப்பெயர் மட்டும் அதில் 10 குறியீட்டைத் தின்றுவிடும்.

இடம், கருவி வேறுபாடு என்று வாசர்மன் பின்னர் பேசிய நெருக்கடிகள் எல்லாமே இங்கே எழுத்தின் வழியாகத்தான் வந்து சேர்ந்தன. ஆப் ஸ்டோர் திறந்த 2008 ஜூலைக்குப் பிறகே வளர்ச்சி வெடித்தது என்று சொல்லும் அவரும், கட்டுரை எழுதும்போதே தொழிலுக்குப் பத்தாண்டாவது வயது என்று ஒப்புக்கொள்கிறார். அதற்காக 2005ஐத் தமிழ்ச் செயலிப் பொறியியலின் பிறந்த ஆண்டாக நாட்டிவிட முடியாது. ஒரு செயலியை வைத்துத் துறையின் வயதைக் கணிப்பது ஒற்றைக் கல்வெட்டை வைத்து அரசமரபை எழுதுவது போன்ற துணிச்சல். ஆனாலும் 2010ஐத் தொடக்கமாகக் கொள்வதைவிட அது உண்மைக்கு அருகில் நிற்கிறது.

எழுத்துருவும் இடமும் கிடைத்த பின்னரும் எழுத்தின் சிக்கல் தீரவில்லை. அதற்கு ஒரு பாடபேதம் சான்று. இலங்கையின் திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களுக்கு நடுவே ஆதிகோணநாயகர் கோயில் இருக்கிறது. போர்த்துக்கேயர் திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்த பின்னர் எழுந்தது என்பது மரபு. இடித்த ஆண்டை 1622 என்பாரும் உண்டு, 1624 என்பாரும் உண்டு. அந்த வழக்கு அப்படியே இருக்கட்டும். இங்கே பார்க்க வேண்டியது பெயரை.

‘ஆதிகோணநாயகர்’ எட்டு எழுத்து. ஒருங்குறியில் அதில் வரும் ‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தால் முழுப்பெயர் 12 குறியீடு. ககரத்தோடு இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தால் 13. திரையில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கண்ணால் பிரித்தறிய வழியில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கொம்பை முதலில் தட்டி, எழுத்தையும் காலையும் பின்னால் தட்டுவது வழக்கம். அந்தப் பனுவலை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல் கவனமாக எழுதப்படாவிட்டால் கொம்பும் காலும் பிரிந்தே தங்கிவிடும்.

இரண்டும் நிகரானவை என்று ஒருங்குறித் தரம் சொல்கிறது. நிரல்மொழிகள் அதை ஒரே மாதிரி மதிப்பதில்லை. ஐபோனின் ஸ்விஃப்ட் இரண்டையும் ஒன்றென்றே கொள்ளும். நீளம் கேட்டால் எட்டு என்னும். ஆண்ட்ராய்டின் கோட்லின் இரண்டையும் வேறென்று சொல்லும். நீளம் 12, 13 என்னும். ஆகவே ஒரே கோயிற் பட்டியலை இரு கைபேசிகளில் வைத்து, ஒரே பெயரைப் பட்டியலில் இல்லாத மற்ற வடிவில் தட்டி ஒரே எளிய ஒப்பீட்டால் தேடினால் ஒன்றில் கோயில் இருக்கும், மற்றதில் இராது. சேமிக்கும் முன்பே பெயர்களை ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்தால் சிக்கல் தீரும். அதற்கான நார்மலைசர் ஆண்ட்ராய்டிலேயே உண்டு. ஆனால் அதை அழைக்க வேண்டும் என்று நிரலாளருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே!

இதெல்லாம் ‘கருவிக் குடும்பங்கள்’ என்ற தலைப்புக்குள் அடங்கும் என்று வாசர்மன் பக்கம் நின்று வாதிடலாம். ஓரளவு அடங்கும். ஆனால் அவர் அந்தத் தலைப்பில் பேசுவது வன்பொருளும் இயங்குதளமும் பலவாக இருப்பதைப் பற்றி. இங்கே பலவாக இருப்பது தரவு. கைபேசியை மாற்றாமல் பட்டியலை மட்டும் வேறொருவரிடம் தட்டச்சுக்குக் கொடுத்தாலே பிழை வந்துவிடும்.

எழுத்தைச் சுற்றிக்கொண்டு போன வழியும் உண்டு. இலங்கையின் டயலொக் தொலைபேசி நிறுவனத்தின் ‘கொவி மிதுரு – உழவர் தோழன்’ பயிர் ஆலோசனையைச் சிங்களத்திலும் தமிழிலும் குரலாகவே அனுப்பியது. நெல் விளையும் தம்பலகாமம் போன்ற ஊருக்கு அது பொருத்தமான முறைதான். ஆனால் குரலில் கேட்டதைப் பின்னர் தேடி எடுப்பது கடினம்.

எட்டுப் பட்டியலில் ஒன்பதாவதாக எழுத்தைச் சேர்க்கத்தான் வேண்டும். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி படிக்கும் மாணவர்கள் சோதனைத் தரவு தேடி எங்கும் போக வேண்டியதில்லை. வளாகத்தின் பெயரிலேயே ஒரு ‘கோ’ இருக்கிறது. அதை இரு வகையிலும் தட்டி, தங்கள் செயலியில் ஒருமுறை தேடிப் பார்க்கட்டும்.